மசாய் மாரா காப்பகத்தில் குழந்தைகளோடு தங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கென்யாவுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். முதலில் விமான டிக்கெட், அடுத்து படத்தைப் பார்த்துப் பிடித்துப்போன ஒரு லாட்ஜ், கடைசி வாரத்தில் தடுப்பூசி. இப்படிப் போனால் பணமும் அதிகம் போகும், குழந்தையும் வாடிப்போகும். நீங்கள் கொடுத்த பணத்தில் அந்த மண்ணின் சொந்தக்காரருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பதும் தெரியாது.

சரியான வரிசை இது: நிலம், கேம்ப் (கூடார விடுதி), தேதி, ஊசி, டிக்கெட், நுழைவு அனுமதி. ஐந்து மாதம் முன்னால், டிசம்பர் பயணம் என்றால் இன்னும் முன்னால், தொடங்கினால் எதற்கும் அவசரப்பட வேண்டியதில்லை. இதில் சொல்லியிருப்பது மசாய் மாரா தேசிய ரிசர்வு என்ற அரசுச் சரணாலயத்துக்கு வடக்கே உள்ள நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி, மாரா நார்த், ஓல் கின்யேய் போன்ற காப்பகங்களை, அதாவது காட்டு விலங்குகளுக்காக விட்டுவைத்த தனியார் அல்லது ஊர் நிலங்களை, மனத்தில் வைத்து எழுதியது. கென்யாவின் வடக்கே லைக்கிப்பியா, சம்புரு பக்கம் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள்

கென்யாவின் காட்டு விலங்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தேசியப் பூங்காக்களுக்கு வெளியேதான் வாழ்கின்றன. அதாவது யாரோ ஒருவருடைய மேய்ச்சல் நிலத்தில். 1977 முதல் அங்கே வேட்டைக்குத் தடை இருப்பதால், விலங்கை வைத்து நிலக்காரர் சம்பாதிக்க நடைமுறையில் சுற்றுலாதான் வழி. அந்த வருமானம் வராவிட்டால் அவர் வேலி போடுவார், உழுவார், அல்லது விற்பார். நீங்கள் எங்கே தங்குகிறீர்கள் என்பதற்கு இதனால்தான் இவ்வளவு கனம்.

காப்பகம் என்று பலகை வைத்த இடமெல்லாம் ஒரே வகை இல்லை. மூன்று வகை உண்டு. ஒருவரோ ஒரு நிறுவனமோ வைத்திருக்கும் தனியார் காப்பகம். தனித்தனிப் பட்டா உள்ள பல குடும்பங்கள் நிலத்தை ஒன்றாகச் சேர்த்துக் குத்தகைக்கு விடும் கூட்டுக் காப்பகம். ஊருக்கே பொதுவான நிலத்தில் அமைந்த சமூகக் காப்பகம்.

மாராவில் இருப்பவை பெரும்பாலும் இரண்டாம் வகை. மாடு மேய்த்து வாழும் மசாய் மக்களின் பழைய கூட்டுப் பண்ணைகளைப் பிரித்தபோது குடும்பத்துக்குப் பெரும்பாலும் 150 ஏக்கர் அளவில் கிடைத்தது. அந்தத் துண்டுகளை மறுபடி இணைத்து, கேம்ப் நடத்துகிறவர்களிடம் குத்தகை ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். ஓலாரே மோட்டோரோகி இந்த முறையில் 2006இல் தொடங்கியது. 2010இல் வந்த நபோய்ஷோவில் சுமார் 50,000 ஏக்கர், ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிலக்காரர்கள்.

மூன்றாம் வகைக்கு லைக்கிப்பியாவின் இல் ங்வேசி நல்ல உதாரணம். 1996இல் திறந்த அந்த லாட்ஜே ஊர்ச் சமூகத்துக்குச் சொந்தம். ஓல் பெஜெட்டா குழந்தைகளுக்கு அருமையான இடம். உலகில் எஞ்சியிருக்கும் இரண்டு வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள், நாஜினும் ஃபாத்துவும், அங்கேதான் இருக்கின்றன. ஆனால் அது ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துவது, ஊராருடைய நிலம் அல்ல. தாராளமாகப் போகலாம். எந்த வகை என்று தெரிந்துகொண்டு போங்கள்.

சமூகம் என்ற பெயர் இருந்தாலே போதும் என்றும் நினைக்க வேண்டாம். வடக்கே ஐசியோலோவில் இரண்டு காப்பகங்கள் ஊர்மக்களை முறையாகக் கலந்துகொள்ளாமல் நிறுவப்பட்டவை, ஆகவே சட்டப்படி செல்லாது என்று 2025 ஜனவரியில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதனால்தான் அடுத்த கட்டம்.

2. கேம்புக்கு மின்னஞ்சலில் ஐந்து கேள்விகள்

முன்பதிவு செய்வதற்கு முன்னால் கேளுங்கள். பணம் கட்டிய பிறகு கேட்டால் பதில் வழவழ என்று வரும்.

நிலக்காரருக்குக் குத்தகைப் பணம் மாதாமாதம் நிலையாகப் போகிறதா, அல்லது தங்கும் விருந்தினர் எண்ணிக்கையைப் பொறுத்தா? நிலையான தொகை என்றால்தான் ஒரு குடும்பம் அதை நம்பி மாட்டைக் குறைக்கவோ, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவோ முடியும். 2020இல் பயணிகள் வராமல் போனபோது பல காப்பகங்களில் குத்தகை குறைந்தது. அதற்குப் பிறகு என்ன ஏற்பாடு செய்தார்கள் என்றும் கேட்கலாம்.

வறட்சியில் மாடுகளை உள்ளே மேய்க்க ஒப்பந்தத்தில் இடம் உண்டா? வேலை செய்கிறவர்களில், குறிப்பாக வழிகாட்டிகளிலும் நிர்வாகத்திலும், அந்த ஊர்க்காரர் எத்தனை பேர்? பெண்களுக்கு என்ன வருமானம்? பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருப்பதால் குத்தகைப் பணமும் அவர்கள் கைக்கே போகும். மா டிரஸ்ட் போன்ற அமைப்புகள் மாராவில் மணிக்கோப்பு வேலை மூலம் பெண்களுக்குத் தனி வருமானம் ஏற்படுத்துவது இதனால்தான்.

ஐந்தாவது: கழிவுநீர், விறகு, மின்சாரம் எப்படி? 'ஈகோடூரிசம் கென்யா' என்ற அமைப்பு 2002 முதல் கேம்புகளுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தரம் கொடுத்து வருகிறது. தரம் இருந்தால் நல்லது. ஆனால் தர அட்டை முதல் நான்கு கேள்விகளுக்குப் பதில் ஆகாது.

நல்ல கேம்ப் என்றால் இவற்றுக்கு நேரடியாகப் பதில் எழுதும். "சமூகத்துக்கு நிறையச் செய்கிறோம்" என்ற ஒற்றை வரியோடு ஒரு பள்ளிக்கூடப் படத்தை அனுப்பினால் வேறு கேம்ப் பாருங்கள்.

3. கடைசிக் குழந்தையின் வயதை வைத்து முடிவெடுங்கள்

பெரியவர்களின் ஆசையை வைத்துத் திட்டம் போட்டால் இரண்டாம் நாளே குலைந்துவிடும். பல கேம்புகள் ஐந்து அல்லது ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை ஏற்பதில்லை. நடைப்பயணத்துக்கு இன்னும் கூடுதல் வயது கேட்பார்கள். யானை எதிரே வந்தால் 'அசையாதே' என்றதும் அசையாமல் நிற்கத் தெரிய வேண்டும், அதற்காகத்தான்.

குடும்பக் கூடாரம் கேளுங்கள்: இரண்டு படுக்கையறை, நடுவில் ஒரு கூடம், ஒரே கூரை. இரண்டு தனிக் கூடாரங்களை அடுத்தடுத்துக் கொடுத்துவிட்டு 'ஃபேமிலி' என்று சொல்வதும் உண்டு. இரவில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தனியாக நடக்க அனுமதி கிடையாது. ஆக, எட்டு வயதுப் பிள்ளை ராத்திரி அம்மாவிடம் வர முடியாது.

அடுத்தது தனி வண்டி. கூடுதல் செலவுதான், மற்ற எதையாவது குறைத்து இதைச் செய்யுங்கள். சிறுத்தைக்காக ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பார் உடன் வந்தவர், உங்கள் பிள்ளைக்கோ அப்போதுதான் ஒன்றுக்கு வரும். கூடவே, கென்ய சஃபாரி வழிகாட்டிகள் சங்கத்தின் வெள்ளித் தரம் பெற்றவர், குழந்தைகளோடு பழகியவர் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

ஒரே கேம்பில் மூன்று இரவாவது இருங்கள். இரவுக்கு ஒரு கேம்ப் என்று தாவுகிற குடும்பங்கள் பையைக் கட்டி அவிழ்ப்பதிலேயே பாதி நாளைத் தொலைக்கின்றன.

4. தேதி: நம் பள்ளி விடுமுறையும் அவர்கள் மழையும்

இங்கேதான் அதிகம் பேர் இடறுகிறார்கள். நமக்கு ஏப்ரல், மே பெரிய விடுமுறை. மாராவில் மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம். மண்ணோ நல்ல கரிசல். நனைந்தால் டயரைப் பிடித்துக்கொண்டு விடாது. சில கேம்புகள் அந்த மாதங்களில் மூடியே இருக்கும். திறந்திருப்பவை விலையைக் குறைக்கும், புல் பச்சையாக இருக்கும், கூட்டம் இருக்காது. பத்து வயதுக்கு மேற்பட்ட, பொறுமையுள்ள பிள்ளைகள் என்றால் மே கடைசியில் போகலாம். சின்னக் குழந்தைகளோடு வேண்டாம்.

காலாண்டு விடுமுறை நன்றாகப் பொருந்தும். செப்டம்பர் இறுதி, அக்டோபர் தொடக்கத்தில் வரிக்குதிரைக் கூட்டமும் வில்டபீஸ்ட் என்ற காட்டெருதுக் கூட்டமும் தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வந்து பெரும்பாலும் மாராவில்தான் இருக்கும். டிசம்பர் கடைசியும் நல்ல காலம், ஆனால் விலை உச்சம். அதற்கு எட்டு, ஒன்பது மாதம் முன்பே பதிய வேண்டும்.

ரிசர்வுக்குள் போவதற்குத் தனிக் கட்டணம் என்பதையும் இப்போதே கணக்கில் எடுங்கள். 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். காப்பகக் கட்டணம் இதில் சேராது. காப்பகத்திலேயே சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் உண்டு, வண்டிகளும் குறைவு. மாரா ஆற்றைப் பார்க்க ஒரு நாள் ரிசர்வுக்குள் போனால் போதும்.

5. ஊசியும் மாத்திரையும்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கென்யா நம்மிடம் கேட்பதில்லை என்று சொல்லிப் போடாமல் கிளம்புகிறவர்கள் உண்டு. கேட்பது இந்தியா, திரும்பி வரும்போது. கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால், சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். இலங்கையும் சான்றிதழ் கேட்கும்.

ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார நிலையத்திலும் போடுகிறார்கள். எல்லா நாளும் போடுவதில்லை என்பதால் முன்பே விசாரித்து, பாஸ்போர்ட்டோடு போங்கள்.

இரண்டு மாதம் முன்பே இதைத் தொடங்குங்கள். காரணம் உண்டு. இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி. எம்எம்ஆர் போன்ற இன்னோர் உயிர்த் தடுப்பூசி குழந்தைக்குப் போட வேண்டியிருந்தால் இடைவெளி விடச் சொல்வார் மருத்துவர். முட்டை ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் போட முடியாமல் போகலாம். 9 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு வழக்கமாகப் போடுவதில்லை. தாத்தா பாட்டியைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் கவனம்: 60 வயதுக்கு மேல் முதல்முறை போடுவதில் ஆபத்து சற்றுக் கூடுதல். மருத்துவரிடம் பேசாமல் அவர்களுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.

மாராவில் மலேரியா உண்டு. மாத்திரை குழந்தையின் எடைக்கேற்ப மாறும்; டாக்ஸிசைக்ளின் எட்டு வயதுக்குக் கீழே வழக்கமாகக் கொடுப்பதில்லை. சில மாத்திரைகளைக் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பும், சிலவற்றை வாரக்கணக்கில் முன்பும் தொடங்க வேண்டும். மூன்று வாரம் முன்னால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

6. டிக்கெட், நுழைவு அனுமதி, பை

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. மும்பை வழியாகவோ வளைகுடா வழியாகவோ போகலாம். டிக்கெட் எடுத்த பிறகே மின்னணு நுழைவு அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதில் இதுதான். விமான விவரமும் தங்கும் இடத்தின் முன்பதிவும் கேட்பார்கள், அதனால் இதை முன்னால் செய்யவும் முடியாது. கட்டணம் ஆளுக்குச் சுமார் 30 டாலர், குழந்தைகளுக்கும் தனி விண்ணப்பம். அரசுத் தளத்தின் சாயலில் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் இருக்கின்றன. முகவரியை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

நைரோபியிலிருந்து மாராவுக்கு நரோக் வழியாகச் சாலையில் ஐந்தாறு மணி நேரம். வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் முக்கால் மணி நேரம். ராத்திரி வந்து இறங்கி விடிகாலையே சாலையில் கிளம்பாதீர்கள். நைரோபியில் ஓர் இரவு தூங்கவிட்டால் குழந்தைகள் மறுநாள் வேறு ஆளாக இருப்பார்கள்.

சின்ன விமானத்தில் கைப்பையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோ, மென்மையான பை மட்டும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி சாமான் அறையில் நுழையாது. பிளாஸ்டிக் பை கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் தடை. ஈரத்துணிக்கும் தின்பண்டத்துக்கும் துணிப்பை, டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். டிரோன் வேண்டாம், அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பறிபோகும்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று ஸ்வெட்டர் இல்லாமல் போய் விடிகாலையில் நடுங்குகிறார்கள். மாரா 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது, வண்டியோ திறந்த வண்டி. குழந்தைக்கு மங்கி குல்லா கட்டாயம்.

7. சாப்பாட்டை எழுத்தில் சொல்லுங்கள்

கேம்புக்குக் காய்கறி பெரும்பாலும் நைரோபியிலிருந்து வண்டியில் வருகிறது. போய் இறங்கிய பிறகு "நாங்கள் சைவம்" என்றால் சமையல்காரர் என்ன செய்வார்? இரண்டு வாரம் முன்பே எழுதுங்கள். முட்டை சேர்க்கலாமா கூடாதா என்பதையும் தனியாகக் குறிப்பிடுங்கள்.

குஜராத்திக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் நாடு என்பதால் பருப்பும் காயும் அவர்களுக்குப் புதிதல்ல. சப்பாத்தி அங்கே வீட்டுச் சாப்பாடு. சுகுமா விக்கி என்ற கீரைப் பொரியல், மக்காச்சோளமும் பயறும் சேர்ந்த கித்தேரி இரண்டும் நம் நாக்குக்கு ஒத்துவரும். குழந்தைக்குச் சாதமும் தயிரும் வேண்டும் என்று சொன்னால் செய்துகொடுப்பார்கள். ஊறுகாயை மட்டும் நீங்கள் எடுத்துப்போங்கள்.

8. முதல் நாள், கேம்பில்

பெரும்பாலான கேம்புகளுக்கு வேலி கிடையாது. விலங்கு வழி அடைபடக் கூடாது என்பதுதான் காப்பகத்தின் நோக்கமே. அதனால் சில கட்டுப்பாடுகள், விளையாட்டுக்கு அல்ல.

இருட்டிய பிறகு காவலர் டார்ச்சோடு வந்து அழைத்துப்போவார். அவர் வரும்வரை கூடார வாசலைத் தாண்டக் கூடாது. பகலிலும் குழந்தை தனியாக ஓடக் கூடாது. ஓடுகிற சின்ன உருவம் வேட்டை விலங்கின் கவனத்தை இழுக்கும். ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடுங்கள், இல்லாவிட்டால் குரங்கு உள்ளே வரும். முறுக்கு, மிக்சர் எதையும் கூடாரத்தில் வைக்காமல் சமையலறையில் கொடுத்துவிடுங்கள்.

இவற்றைப் பெற்றோர் சொல்வதைவிடக் காவலரே குழந்தையிடம் நேரில் சொல்லட்டும். ஈட்டியோடு நிற்கும் மசாய் அண்ணன் முழங்காலிட்டு, கண்ணைப் பார்த்து, "நான் வரும்வரை நீ வெளியே வரக் கூடாது" என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் மறப்பதில்லை.

மின்சாரம் சூரிய ஒளியிலிருந்து. ஹேர் டிரையர் ஓடாது. வீசிங் உள்ள குழந்தைக்கு நெபுலைசரை மட்டும் நம்பிப் போகாதீர்கள், இன்ஹேலரும் ஸ்பேசரும் கையில் இருக்கட்டும். அவசரத்துக்கு ஆம்ரெஃப் விமான ஆம்புலன்ஸ் வசதி கேம்ப் கட்டணத்தில் சேர்த்தியா என்று அன்றே கேட்டுவிடுங்கள்.

9. வண்டியில்

காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பத்து மணிவரை ஆகும். எட்டு வயதுக்குக் கீழே இரண்டரை மணி நேரம் போதும். காலை உணவை வண்டியிலேயே எடுத்துப்போய், வழிகாட்டி காட்டும் இடத்தில் இறங்கிச் சாப்பிடுங்கள். நடுநடுவே சின்ன விஷயங்களைக் காட்டச் சொல்லுங்கள்: சாணத்தை உருட்டும் வண்டு, கழுதைப்புலியின் வெள்ளைச் சாணம், புழுதியில் பதிந்த சிங்கத்தின் கால்தடம். ஆறாவது சிங்கத்துக்குப் பிறகு குழந்தைக்கு அலுத்துவிடும், வண்டு அலுக்காது.

எழுந்து நிற்பதும் கத்துவதும் கூடாது. ஒரு விலங்கருகில் ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது விதி. உங்கள் முறை வரும்வரை தள்ளி நிற்பார் வழிகாட்டி. இன்னும் கிட்டே போங்கள் என்று அவரை நெருக்காதீர்கள். தண்டனை அவருக்குத்தான்.

உள்ளே மாடு மேய்வதைப் பார்த்து முகம் சுளிக்கும் விருந்தினர்கள் இருக்கிறார்கள். காடு பார்க்க வந்தோம், மாடு பார்க்கவா என்கிறார்கள். அந்த மாடு அங்கே மேய முடிவதால்தான் அந்த நிலம் இன்னும் வேலியில்லாமல் கிடக்கிறது. எந்தப் பகுதியில் எப்போது மேய்ப்பது என்று முறை வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் பட்டியை இடம் மாற்றி மாற்றி அடைக்கிறார்கள். நம் வயலில் ஆட்டுக்கிடை போடுவதைப் போலத்தான்: சாணம் விழுந்த இடத்தில் அடுத்த மழைக்குப் புல் வரும், அந்தப் புல்லுக்கு மான் வரும். இதைக் குழந்தைக்குச் சொல்லுங்கள்.

10. மசாய் வீட்டுக்குப் போகும்போது

சாலையோரத்தில் ஓட்டுநர் நிறுத்தும் 'கலாச்சார கிராமம்' வேண்டாம். பல இடங்களில் நுழைவுப் பணத்தின் பெரும்பகுதி அந்தக் குடும்பங்களுக்குப் போவதில்லை. கேம்பில் வேலை செய்யும் ஒருவருடைய சொந்தக் குடியிருப்புக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். தொகை எவ்வளவு, யார் கையில் கொடுப்பது என்று முன்பே கேட்டு, நேராக அவரிடமே கொடுங்கள்.

"சோபா" என்று அவர்கள் வணக்கம் சொன்னால் "ஏபா" என்று பதில் சொல்ல வேண்டும். மசாய்ப் பிள்ளைகள் பெரியவர் முன்னால் வந்து தலையைக் குனிவார்கள். பெரியவர் உள்ளங்கையைத் தலையில் வைப்பார். உங்கள் பிள்ளைக்கு இதை முந்தைய நாளே சொல்லிக்கொடுங்கள். நம் பிள்ளை குனிந்து நின்றதும் அந்த முற்றத்துப் பாட்டிகளின் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். அதற்குப் பிறகு பேச்சு தானாக வரும்.

ஈ மொய்க்கும், வீட்டுக்குள் புகை இருக்கும், இருட்டாக இருக்கும், சுவர் சாணமும் மண்ணும். 'சீ' என்ற சொல் எந்த மொழியிலும் புரியும் என்று முன்பே சொல்லிவையுங்கள். எத்தனை மாடு என்று எண்ணிக்கை கேட்க வேண்டாம், அங்கே அது நாகரிகம் அல்ல. சிங்கம் பட்டிக்குள் வராமல் இருக்க என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். முள்வேலியையும் கம்பிவலையையும் காட்டி, இழந்த கன்றுகளின் கதையும் சொல்வார்கள். சிங்கத்தோடு வாழ்வது என்றால் என்ன என்று குழந்தைக்குப் புரியும் இடம் அதுதான்.

கேட்காமல் படம் எடுக்காதீர்கள், குழந்தைகளை எடுக்கவே வேண்டாம். மிட்டாய், பேனா, சில்லறை கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த வண்டியைப் பார்த்ததும் பள்ளியை விட்டுப் பிள்ளைகள் ஓடிவருவார்கள். கொடுக்க மனம் இருந்தால் காப்பக அலுவலகத்தில் பள்ளிக்கு என்று கட்டி ரசீது வாங்குங்கள். மணிமாலையைச் செய்தவரிடமே வாங்குங்கள், அடித்துப் பேரம் பேசாமல்.

11. டிப்ஸும், திரும்பிய பிறகும்

டிப்ஸைக் கடைசி நாள் மொத்தமாகக் கொடுக்கலாம். வழிகாட்டிக்குத் தனி, மற்றவர்களுக்குப் பொதுப் பெட்டி. பாத்திரம் கழுவுகிறவரும் இரவுக் காவலரும் உங்கள் கண்ணில் அதிகம் படமாட்டார்கள், பெட்டியில் போட்டால்தான் அவர்களுக்கும் போகும். ஷில்லிங்காக இருந்தால் அவர்களுக்கு வசதி. டாலர் என்றால் புதிய, கசங்காத நோட்டு. பழைய நோட்டை வங்கி வாங்காது.

வீடு வந்ததும் மலேரியா மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வகையைப் பொறுத்து இன்னும் ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடர வேண்டும். திரும்பிய மூன்று மாதத்துக்குள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், மாத்திரை ஒழுங்காகப் போட்டிருந்தாலும் சரி, அன்றே மருத்துவரிடம் போய் ஆப்பிரிக்கா போய்வந்தோம் என்று சொல்லி மலேரியா ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.